சிவப்பு வந்தால் பயப்படாதே

போன வாரம் சின்னவள் தன் வேலைக் கடிதத்தைக் கொண்டுவந்து கடை மேசைமேல் வைத்தாள். அப்பா அதைக் கண்ணாடி போடாமல் ஒரு தடவை பார்த்தார். போட்டுக்கொண்டு ஒரு தடவை பார்த்தார். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல் ஒரு தடவை பார்த்தார்.

"இது நிஜந்தானா?" என்று கேட்டார்.

மூன்று வருஷம் விடுதியில் கிடந்து நர்ஸ் படிப்பு முடித்த பெண். பெரிய ஆஸ்பத்திரியில் முதல் வேலை. பெற்ற அப்பன் கேட்ட முதல் கேள்வி அது.  அவள் கடித உறையின் பின்பக்கம் தன் பதிவு எண்ணையும் கடவுச்சொல்லையும் எழுதி, "என் போன் தொலைஞ்சாலும் தொலையும். நீங்க பத்திரமா வைங்க" என்று நீட்டினாள். அவர் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை எப்போதும்போல் இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டார்.

இன்று வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் அவள் வேலைக்கான பதிவுத் தளத்துக்குள் போய் 'சேர்கிறேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் இடம் வரிசையில் அடுத்து நிற்கிற ஆளுக்குப் போய்விடும். அழுது பயனில்லை.

காலை பத்து மணிக்கு அவள் கடைக்குள் நுழைந்தபோது முகம் கறுத்துப்போயிருந்தது.

"போன்ல உள்ளயே விட மாட்டேங்குது. கடவுச்சொல் தப்புங்குது. கம்ப்யூட்டர்ல பாக்கறேன், எழுந்திரு அண்ணா."

அண்ணன் எழுந்தான். முப்பத்திரண்டு வயசு. அப்பா போர்டுக்காரர், அவன் போர்டுக்காரர் மகன். அதற்கு மேல் அந்தத் தெருவில் அவனுக்கு ஒரு பெயர் கிடையாது.

கடையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஸ்டிக்கர் எழுத்து வெட்டிப் பெயர்ப்பலகை செய்கிற கடை. வாயில் வருவதெல்லாம் அங்கே ஸ்டிக்கர் ஆகிவிடும். கதவில் 'செருப்பை வெளியே விடு'. மேசையில் 'பிளேடை மூடு'. ஏணி சாய்த்திருக்கும் சுவரில், சாண் உயர எழுத்தில், 'மேலே ஆள் இருந்தால் கீழே ஆள் பிடிக்க வேண்டும்'. அது அப்பா போட்ட சட்டம். அதை மீறினவன் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு உட்கார முடியாது.

கணினியின் நெற்றியிலும் ஒரு ஸ்டிக்கர் உண்டு. நீல எழுத்து.

'சிவப்பு வந்தால் பயப்படாதே. மேலும் விவரம் அமுக்கு. பரவாயில்லை, தொடர்க அமுக்கு.'

இந்த மூன்று வரிக்கும் ஒரு கதை இருக்கிறது. எழுத்து வெட்டும் மெஷினை ஓட்டுகிற புரோகிராமுக்கு ஒரு காலக்கெடு இருந்தது. அது முடிந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. புதுப்பித்துத் தர வேண்டிய கம்பெனியே கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டது. அப்பா குதித்தார். "மெஷின் நல்லா இருக்கு. பிளேடு நல்லா இருக்கு. கரண்ட் இருக்கு. தேதி போச்சு, ஓட மாட்டேன்னு சொன்னா அது என்ன மெஷினா, மாப்பிள்ளையா?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. யாரோ ஒருவன் ஒரு வழி சொல்லிக்கொடுத்தான். கணினியின் தேதியை மூன்று வருஷம் பின்னால் இழுத்து வை, அது பாட்டுக்கு ஓடும். ஓடியது.

ஆனால் அன்று முதல் எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் திரை முழுக்கச் சிவப்பு. 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல'. மின்னஞ்சல் பார்த்தாலும் சிவப்பு, பேப்பர் படித்தாலும் சிவப்பு. இரண்டு இடத்தில் அமுக்கினால் போய்விடும். மூன்று வருஷமாக அந்தக் குடும்பம் அமுக்கிக்கொண்டே இருந்தது. வாசல் நாய் குரைப்பதைக் காதில் வாங்காதவர்கள்போல.

சின்னவள் உட்கார்ந்தாள். சிவப்பு வந்தது. பார்க்காமலே இரண்டு முறை அமுக்கினாள். எண்ணை அடித்தாள். கடவுச்சொல்லை அடித்தாள்.

தவறு.

மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். தவறு. 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' என்பதை அமுக்கினாள். உங்கள் போனுக்கு எண் அனுப்பியிருக்கிறோம் என்றது. அவள் போனில் ஒன்றும் வரவில்லை. திரையில் அந்தப் போன் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரிந்தது. நாற்பத்தேழு.

"என் நம்பர் இல்ல இது." குரல் உயர்ந்தது. "யாரோ நம்பரை மாத்தியிருக்காங்க. அண்ணா, நீ எதையாவது தொட்டியா?"

"நான் எதுக்குடி உன்னதைத் தொடறேன்?"

"இந்தக் கம்ப்யூட்டர்ல புதுசா ஏதாவது திறந்தியா? யோசிச்சுச் சொல்லு."

அவன் தலையைச் சொறிந்தான். "செவ்வாய்க்கிழமை கடை திறந்ததும் ஒண்ணு திறந்தேன். அந்தச் சிரிச்ச மூஞ்சி வந்தான் இல்ல, வேலை வாங்கித் தர்ற ஆபீஸ் போர்டு வேணும்னு? லோகோ எங்க சைட்ல இருக்கு, எடுத்துக்கோங்கன்னான். எடுத்தேன்."

"சிவப்பு வந்துதா?"

"எதுக்குத்தான் வரல? இதுல கொஞ்சம் அடர்த்தியா வந்தது. அமுக்கினேன், போச்சு."

"அடர்த்தியா வந்தா என்னன்னு படிக்க மாட்டியா?"

"நீ படிச்சியா இப்போ?"

அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார். பின்கட்டில் பலகை தேய்த்துக்கொண்டிருந்தவர். கை முழுக்க வெள்ளைத் தூள். பேச்சு அரைகுறையாகக் காதில் விழுந்திருக்கிறது.

"என்ன திறந்தே?"

"அந்த ஆபீஸ்காரன் சைட்டுப்பா. லோகோவுக்காக..."

அறை விழுந்தது.

முப்பத்திரண்டு வயசுக்காரன் கன்னத்தில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்தன. அவன் துடைக்கவில்லை.

"கண்ட கண்டதைத் திறந்து தங்கச்சி பொழப்பைக் கெடுத்துட்டு நிக்கிறியே, உனக்கெல்லாம் எதுக்குடா கண்ணு?"

"நான் அவ நம்பரை அடிக்கலப்பா. சத்தியமா அடிக்கல. எனக்கு அவ கடவுச்சொல்லே தெரியாது."

"வாயை மூடு!"

அண்ணன் அப்பாவைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்தான். கணினி நெற்றியில் இருந்த ஸ்டிக்கரை விரலால் தட்டினான்.

"இதை வெட்டினது யாரு? பயப்படாதேன்னு போட்டது யாரு? விடுதிக்குப் போறதுக்கு முந்தின நாள் உட்கார்ந்து வெட்டி ஒட்டிட்டுப் போனியே, தினமும் போன் பண்ணிக் கேப்பீங்க, தொல்லையா இருக்கும்னு. நான் பயப்படலடி. நீ சொன்னபடி நடந்தேன்."

அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. அவன் சொன்னது உண்மை என்பதால் இன்னும் கூடுதலாக ஏறியது.

"அப்பா, கவர் எங்க? உள்ள வெச்ச கவர்?"

"பீரோவில இருக்கு. சாவி என் இடுப்பில இருக்கு. அதை எவன் எடுப்பான்?" என்றார் அப்பா. பெல்ட்டைத் தொட்டுக்கூடக் காட்டினார். "என்னைக் கேக்காத. இவனைக் கேளு."

அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

பதிவு அலுவலகத்தில் ஐந்து ஜன்னல். நான்கில் ஆள் இல்லை. மூன்றாவதில் ஒரு நடுவயதுப் பெண் கழுத்தில் அடையாள அட்டையோடு, உலகத்தின் மேல் உள்ள கோபமெல்லாம் முகத்தில் தெரிய உட்கார்ந்திருந்தாள். சின்னவளின் முறை வரும்போது மணி மூன்றே முக்கால்.

கேட்டு முடித்ததும் மூன்றாம் ஜன்னல் பெருமூச்சு விட்டது. "இந்த வாரத்துல நீங்க ஒன்பதாவது ஆள்."

"ஒன்பதா?"

"எங்க தளம் மாதிரியே ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கான். வேலை நிலவரம் உடனே தெரிஞ்சுக்கலாம்னு போட்டிருக்கான். எண்ணையும் கடவுச்சொல்லையும் அடிச்சா அவன் கைக்குப் போயிடும். உள்ள வந்து போன் நம்பரை மாத்திட்டு, அப்புறம் உங்களையே கூப்பிட்டு மிரட்டுவான். சிவப்பு வந்திருக்குமே? படிக்கலையா?"

"எங்க கடையில தினமும் சிவப்புதான் மேடம்." தேதி விஷயத்தை அவள் சொன்னாள். சொல்லும்போதே நாக்கு கூசியது.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

"நீங்க நர்ஸ்தானே? நோயாளி பக்கத்துல மெஷின் கத்துதுன்னா, தினமும் கத்துற மெஷின்தான்னு விட்டுட்டுப் போவீங்களா? உங்க கடைச் சிவப்பு என்ன சொல்லிச்சு தெரியுமா? உன் தேதி தப்பு, சரி பண்ணுன்னு சொல்லிச்சு. அடியில எழுதியே இருக்கும். மூணு வருஷமா உண்மையைத்தான் சொல்லிட்டு இருந்திருக்கு. அவன் தளத்துக்கு வந்த சிவப்பு வேற. அது, உள்ள திருடன் இருக்கான்னு சொல்லிச்சு. உங்களுக்கு ரெண்டும் ஒண்ணாப் போச்சு."

 திட்டு வாங்குகிற இடத்தில் வாங்கித்தான் ஆக வேண்டும்.

"இப்போ என்ன மேடம் வழி?"

"உங்க இடத்தை நாளைக்கு மதியம் பன்னிரண்டு வரைக்கும் நான் நிறுத்தி வெக்கலாம். அதுக்கு மேல என் கையில இல்ல. ஆனா ஒண்ணு. அந்தத் திருட்டுத் தளத்துல யாரு உட்கார்ந்து அடிச்சாங்களோ, அவங்களே நேர்ல வரணும். எந்தத் தளம், எப்போ, யாரு சொல்லித் திறந்தாங்க, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடணும். வேற யாராவது போட்டா செல்லாது. பொய்னு தெரிஞ்சா உங்க இடமும் போச்சு."

அந்தப் பெண் திரையைப் பார்த்து ஒரு சீட்டில் இரண்டு விஷயம் எழுதிக் கொடுத்தாள். மாற்றப்பட்ட போன் நம்பர், பத்து இலக்கமும். மாற்றிய நேரம்: செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது.

வெளியே வந்ததும் சின்னவள் அண்ணனைக் கூப்பிட்டாள். சிவப்பைப் பற்றி அந்தம்மா சொன்னதைச் சொன்னாள். நம்பரைப் படித்தாள். பாதியிலேயே அவன் குறுக்கிட்டான்.

"நில்லு." மீதி இலக்கங்களை அவனே சொன்னான், ஒன்றுவிடாமல். "எதிர்ல சுவர்ல சாய்ச்சு வெச்சிருக்கேன்டி. நேத்துதான் வெட்டி ஒட்டினேன். சிரிச்ச மூஞ்சி போர்டுல இருக்கிற நம்பர்."

"அண்ணா, நீ ஒண்ணும் செய்யாத. நான் வர்றேன்."

அவன் இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபது. அன்று காலை என்ன செய்தாள்? மருந்துக்கடை போர்டு. ஆமாம், அண்ணன் மருந்துக்கடை வாசலில் போர்டு மாட்டப் போனான். பிடிக்க ஆள் இல்லை என்று அவளை வீட்டிலிருந்து கூப்பிட்டான். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை அவன் ஏணி உச்சியில் நின்றான். அடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது அவளேதான். "ஆட்டாதடி, விழுந்தா உன் ஆஸ்பத்திரிக்குத்தான் வருவேன்" என்று அவன் மேலிருந்து சொன்னதுகூட ஞாபகம் வந்தது.

அண்ணன் அடிக்கவில்லை. அடித்திருக்க முடியாது.

கடையில் இருந்தது ஒரே ஆள். சாவியும் அதே இடுப்பில்.

நிறுத்தம் வருவதற்கு முன்பே அவள் படிக்கட்டுக்கு வந்து நின்றாள்.

கடையில் அப்பா மட்டும் இருந்தார். கணினிக்கு முன்னால், கையை மடியில் வைத்துக்கொண்டு. அவள் செருப்பைக் கழற்றவில்லை. நேரே போய் நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை பதினொண்ணு இருபதுக்கு இந்த நாற்காலியில யாருப்பா உட்கார்ந்திருந்தது?"

"எனக்கு என்ன தெரியும்? உங்கண்ணன்..."

"அண்ணன் ஏணி மேல இருந்தான். நான் பிடிச்சிட்டு இருந்தேன். உங்க சட்டம்தான், சுவர்ல ஒட்டியிருக்கே!"

அவர் கை இடுப்புச் சாவியை மூடிக்கொண்டது.

"பீரோவைத் திறந்தீங்களா, இல்லையா?"

"திறந்தேன்!" கத்தினார். "திறந்தேன். நான்தான் அடிச்சேன். ஒத்தை விரலால தேடித் தேடி அடிச்சேன். போதுமா? அவன் இங்கேதான் நின்னான். என்ன பெரியவரே, பொண்ணுக்கு வேலையாமே, கடுதாசி நிஜந்தானா, இப்பல்லாம் பாதிப் பேர் போலிக் கடுதாசிய வெச்சுக்கிட்டு அலையறாங்கன்னான். இந்தத் தளத்துல நம்பரை உள்ளே போட்டா உடனே தெரிஞ்சுடும்னான். சிவப்பு வந்தது. என்னப்பா இதுன்னு கேட்டேன். ஸ்டிக்கர்லயே எழுதியிருக்கே பெரியவரே, பயப்படாதேன்னுன்னு சிரிச்சான்."

"அவன் சொன்னதை நம்பினீங்க."

அப்பா கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பத்து நிமிஷப் பழக்கம். அவனை நம்பினீங்க. நான் கடுதாசியைக் கொண்டுவந்து வெச்சா வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தீங்க. என்னை நம்ப முடியாம, என்னைச் சோதிக்கறதுக்காக, என்னையே கொண்டுபோய்த் திருடன் கையில குடுத்திருக்கீங்க! தெரிஞ்சே அண்ணனை அறைஞ்சீங்க!"

"அப்போ வேற என்னடி பண்ணச் சொல்றே? உன் முன்னாடி நின்னு, ஆமா, நான்தான் முட்டாள்னு சொல்லணுமா?"

"சொல்லியிருக்கணும்!"

 தெருவில் போன ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, நமக்கு எதற்கு என்று நடையைக் கட்டினார்.

"நாளைக்கு மதியத்துக்குள்ள நீங்க வந்து எழுதிக் கையெழுத்துப் போடணும்" என்றாள். "நீங்கதான் அடிச்சீங்கன்னு. அந்தம்மா முன்னாடி. இல்லன்னா என் வேலை போச்சு."

அப்பா ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். வராமல் அடம்பிடித்தது. நல்ல பசை, அவர் கடைப் பசை. "போடறேன்" என்றார், அவளைப் பார்க்காமல்.

அப்போதுதான் அவள் எதிர்ச் சுவரைக் கவனித்தாள். போர்டு இல்லை. ஏணியும் இல்லை.

"அண்ணன் எங்க?"

"தெரியாது. நீ போன் பண்ணினதும் மெஷினைப் போட்டு எதையோ வெட்டினான். நான் கேட்டேன், வாயே திறக்கல. போர்டையும் ஏணியையும் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டான்."

மெஷினுக்கு அடியில் சிவப்பு ஷீட் சுருண்டு கிடந்தது. எழுத்தை உரித்து எடுத்த பிறகு மிச்சமாகிற கழிவு. அவள் அதை விரித்துப் பிடித்தாள். எழுத்து இருந்த இடமெல்லாம் ஓட்டை. அந்தக் கடையில் வளர்ந்தவர்களுக்கு ஓட்டையைப் படிக்கத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம். அப்பாவும் அவளும் ஒரே சமயத்தில் படித்து முடித்தார்கள்.

'உள்ளே திருடன் இருக்கிறான்.'

கடைப் போன் அடித்தது. திரையில் வந்த எண்ணின் கடைசியில் நாற்பத்தேழு.

அவள் எடுத்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள். பின்னால் ஒரு கூட்டத்தின் இரைச்சல். சிரிப்பே இல்லாத ஒரு குரல்.

"போர்டுக்காரரா? உங்க பையன் என் ஆபீஸ் வாசல்ல ஏறி நின்னுக்கிட்டு, என் போர்டை மாட்டி அது மேல எதையோ ஒட்டறான். ஊரே வேடிக்கை பாக்குது. அஞ்சு நிமிஷத்துல இறங்கச் சொல்லுங்க. இல்லன்னா என் ஆளுங்க இறக்குவாங்க."

அவள் வாயைத் திறக்குமுன் அப்பா போனின் பக்கமாகக் குனிந்தார். குரல் அவருடையது போலவே இல்லை.

"ஏணியை யாரு பிடிச்சிருக்கா?"

"என்னது?"

"என் பையன் மேல நிக்கிறான். கீழ ஏணியை யாருடா பிடிச்சிருக்கா?"

அந்தப் பக்கம் சிரிப்பு திரும்பி வந்தது. "யாரும் பிடிக்கல பெரியவரே."

அவள் போனை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. வாசலில் அவர் செருப்பு அப்படியே கிடந்தது. சாவிக் கொத்து பெல்ட்டோடு குலுங்க, வெறுங்காலோடு, அப்பா தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். பீரோவையும் கதவையும் மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் நகராத மனுஷன். கடை திறந்தே கிடந்தது.